கணக்கில் டாலர், கையில் காகிதம்

"பணம் டாலரில் கிடக்கிறது, இனி நமக்கென்ன கவலை?"

கடல் கடந்து பொருளீட்டும் குடும்பங்களில் இச்சொல் ஒலிக்காத வீடு இராது. பாலை வெயிலில் இருபது ஆண்டுகள் உழைத்தவர், மகனின் படிப்புக்கு ஒரு பங்கு, மகளின் நிக்காஹுக்கு ஒரு பங்கு, தம் முதுமைக்கு ஒரு பங்கு என்று பிரித்து வைத்த சேமிப்பைப் பற்றிப் பேசும்போது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் சொல் அது. உள்ளூர் நாணயம் தேயும், டாலர் தேயாது என்பதே அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு நாட்டின் நடுத்தர மக்களைத் தெருவில் நிறுத்திய மயக்கம். அந்த மயக்கத்தோடும், அதை விதைத்தவர்களோடும் வழக்காடவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாம் ஒருவரிடம் ஒரு பொன் வளையலை அமானிதமாக ஒப்படைக்கின்றோம். அவர் அந்த வளையலைக் காத்து, கேட்ட நாளில் அதே வளையலைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். அதை விற்கவோ, அடகு வைக்கவோ அவருக்கு உரிமை இல்லை. வங்கியில் இடும் பணத்தையும் நாம் இவ்வாறே எண்ணிக்கொள்கின்றோம். அது தவறு. வங்கியில் போட்ட பணம் அமானிதம் அன்று. வங்கிக்கு நாம் கொடுத்த கடன். கொடுத்த மறுகணமே பணம் வங்கியினுடையதாகி விடுகின்றது. நம்மிடம் எஞ்சுவது, திருப்பித் தருவதாக அது சொன்ன சொல் ஒன்றே. கணக்கில் டாலர் என்று எழுதியிருந்தால், பெட்டகத்தில் நம் பெயரிட்ட டாலர் நோட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருளன்று. இவருக்கு இத்தனை டாலர் தர வேண்டியிருக்கின்றது என்பதே பொருள்.

உள்நாட்டு நாணயத்தில் பட்ட கடனாயின், வங்கி இடறும்போது அந்நாட்டின் மத்திய வங்கி நோட்டு அச்சடித்தேனும் கைகொடுக்கக் கூடும். விலைவாசி ஏறும், ஆயினும் எழுதிய எண்ணிக்கை கைக்கு வரும். டாலரை அச்சடிக்கும் அதிகாரமோ அமெரிக்காவுக்கு மட்டுமே உண்டு. ஆகவே வேறொரு நாட்டின் வங்கியில் டாலர் கணக்கு வைத்திருப்பவர் அந்த வங்கியை மட்டும் நம்பியிருக்கவில்லை. அந்த நாடு முழுவதும் ஈட்டிச் சேர்க்கும் அந்நியச் செலாவணியையும், அந்த நாட்டின் சட்டத்தையும், அச்சட்டத்தைக் கையாள்வோரின் நேர்மையையும் சேர்த்தே நம்பியிருக்கின்றார். இதை அவருக்கு எடுத்துச் சொல்பவர் யார்?

லெபனானில் யாரும் சொல்லவில்லை.

கட்டிய கோபுரம்

லெபனான் வங்கித் தொழிலுக்குப் பேர்போன நாடு. 1956இல் இயற்றிய வங்கி இரகசியச் சட்டத்தின் நிழலில் அரபு நாடுகளின் செல்வமெல்லாம் பெய்ரூட்டை நோக்கி வந்தது. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஊரை இடித்தது; லிராவின் மதிப்பையும் அழித்தது. போர் ஓய்ந்த பின் மக்களுக்கு நம்பிக்கையூட்ட வேண்டி, ஒரு டாலருக்கு 1,507.5 லிரா என்ற விகிதம் 1997 இறுதியில் நிலைநிறுத்தப்பட்டது. அது 20 ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. கடைத்தெருவில் லிராவும் டாலரும் ஒன்றாகவே புழங்கின.

அந்த விகிதத்தைத் தாங்கிப் பிடித்தது லெபனானின் ஏற்றுமதி அன்று. வளைகுடாவிலும், மேற்கு ஆப்பிரிக்காவிலும், தென்னமெரிக்காவிலும் உழைத்த லெபனான் மக்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமே தாங்கிற்று. நம் கடற்கரை ஊர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அவர்களும் நம்மைப் போலவே பெற்றோரைப் பிரிந்து, பிள்ளைகளின் மழலையைக் கேளாமல் உழைத்தவர்கள். நம்மைப் போலவே, 'ஊரில் டாலர் கணக்கில் கிடக்கட்டும்' என்று அனுப்பியவர்கள்.

அந்தப் பணம் எங்கே சென்றது? மக்களிடமிருந்து வணிக வங்கிக்கு. வணிக வங்கியிலிருந்து கூடுதல் வட்டிக்கு மத்திய வங்கிக்கு. அங்கிருந்து லிராவின் செயற்கை மதிப்பைக் காக்கவும், நாளெல்லாம் மின்சாரம் தரக்கூட இயலாத ஓர் அரசின் செலவை ஈடுகட்டவும். 2019இல் அந்நாட்டு வங்கிகளின் சொத்தில் பாதிக்கு மேல் மத்திய வங்கியிடமே இருந்தது. அரசின் கடன், நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 150 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. சிரியாவில் 2011இல் போர் மூண்ட பின் வெளிநாட்டுப் பணத்தின் வரத்து தளர்ந்தது. தளர்ந்த வரத்தை மீண்டும் இழுக்க 2016இல் மத்திய வங்கி ஒரு வித்தையைக் கையாண்டது. வங்கிகள் டாலர் கொண்டுவந்து தந்தால் மிகுந்த ஆதாயம் தருவதாக ஏற்பாடு செய்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் நிதிப் பொறியியல்!

வங்கிகள் டாலரைத் தேடி ஓடின. 2019இல் லெபனானில் டாலர் வைப்புகளுக்குச் சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் வட்டி எழுதப்பட்டது. பெருந்தொகைக்கு அதற்கும் மேல். அதே காலத்தில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் இரண்டரை விழுக்காட்டைத் தாண்டவில்லை. டாலரின் தாயகத்தில் கிடைக்காத ஆதாயம் பெய்ரூட்டில் எப்படிக் கிடைத்தது? வட்டி ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே புகவில்லை. அதை விலக்கி நடப்பவர்களும் விலக்காதவர்களும் ஒருங்கே அறிய வேண்டிய கணக்கு இது: ஒரே நாணயத்துக்கு ஓரிடத்தில் இரண்டும் மற்றோரிடத்தில் ஆறும் தரப்பட்டால், நடுவில் உள்ள நான்கு பரிசன்று, அது அபாயத்தின் விலை. அந்த விலையை வாங்கிக்கொள்பவர் அபாயத்தையும் சேர்த்தே வாங்குகின்றார்.

உலக வங்கி 2022இல் வெளியிட்ட ஆய்வு, லெபனானின் அரசு நிதி நடந்த முறையைப் பொன்சி மோசடியோடு ஒப்பிட்டது. புதிதாய் வருபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டி தரும் மோசடி அது. நம் ஊர்களில் சீட்டு நடத்தி ஓடிப்போனவனை வசை பாடுகின்றோம். அதே செயலை மாளிகையில் அமர்ந்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு செய்தால் நிதிப் பொறியியலா?

கதவு மூடிய நாள்

2019 அக்டோபர் 17 அன்று பெய்ரூட்டில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. வாட்ஸப் அழைப்புக்கும் வரி விதிக்க அரசு எண்ணியதே தீப்பொறி. வங்கிகள் இரண்டு வாரங்கள் மூடிக் கிடந்தன. நவம்பர் 1 அன்று திறந்தபோது, தம் பணத்தைக் கேட்டுச் சென்றவர்களுக்கு வாரத்துக்குச் சில நூறு டாலர் என்று அளந்து தரப்பட்டது. பின்னர் அதுவும் நின்றது. வெளிநாட்டுக்கு அனுப்புதல் மறுக்கப்பட்டது. 2020 மார்ச் 7 அன்று, இரண்டு நாளில் கெடு முடியவிருந்த 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் தர இயலாதென்று பிரதமர் அறிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணத்தை முடக்கும் சட்டம் எதையும் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்போது இயற்றவில்லை. நெருக்கடியில் ஒரு நாடு சட்டம் இயற்றி, எளியவர் வலியவர் எல்லாருக்கும் ஒரே அளவாக வரம்பு விதிக்குமானால், அதை வேதனையோடு ஏற்கலாம். லெபனானில் வங்கி மேலாளரின் விருப்பமே சட்டமாயிற்று. ஆசிரியையும் கடைக்காரரும் வரிசையில் நின்ற அதே நாட்களில் செல்வாக்குள்ளோரின் கோடிகள் வெளிநாடு சென்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதை விசாரிப்பதாக மத்திய வங்கி ஆளுநரே சொல்ல நேர்ந்தது. சட்டம் இல்லாத இடத்தில் வரிசை எளியவனுக்கு, பின்வாசல் வலியவனுக்கு.

பிறகு நடந்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கில் 10,000 டாலர் வைத்திருந்தவர் அதை டாலராக எடுக்க முடியாது. மாதாந்தர வரம்புக்குள், ஒரு டாலருக்கு 3,900 லிரா என்று வங்கி வகுத்த விகிதத்தில் லிராவாக எடுக்கலாம். 2021 ஜூன் நடுவில் வெளிச்சந்தையில் ஒரு டாலர் 15,000 லிராவைத் தொட்டது. அப்படியானால் அவருடைய 10,000 டாலர் 3 கோடியே 90 இலட்சம் லிராவாகி, சந்தையில் 2,600 டாலருக்கு மேல் பெறாது. கணக்கில் எண் குறையவில்லை. கையில் நான்கில் மூன்று பங்கு மறைந்தது. லெபனான் மக்கள் இந்தச் சிறைப்பட்ட டாலருக்கு 'லொல்லார்' என்று பெயரிட்டனர். வெளிநாட்டிலிருந்து புதிதாய் வரும் மெய்யான டாலருக்குப் 'புதிய டாலர்' என்று பெயர். ஒரே நாணயத்துக்கு இரு பெயர் தோன்றிய நாளிலேயே, கணக்கில் எழுதிய டாலர் டாலர் அன்று என்பதை உலகம் கண்டுகொண்டது.

வைப்பு உத்தரவாதம் இருக்கவில்லையா? இருந்தது. 1966இல் இன்ட்ரா வங்கி வீழ்ந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 1967லேயே அதற்கென ஒரு நிறுவனம் அங்கே அமைக்கப்பட்டது. 2020இல் உத்தரவாதத் தொகை 7 கோடியே 50 இலட்சம் லிராவாக உயர்த்தவும் பட்டது. பழைய விகிதத்தில் அது ஏறத்தாழ 50,000 டாலர். பின்னர் நிலைத்த 89,500 லிரா என்ற விகிதத்தில் அதன் மதிப்பு 840 டாலர்கூட இல்லை! உத்தரவாதம் உள்நாட்டு நாணயத்தில் எழுதப்பட்டிருந்தால், நாணயத்தோடு சேர்ந்து அதுவும் கரையும்.

2022 செப்டம்பர் 14 அன்று பெய்ரூட்டில் ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் நுழைந்தார். புற்றுநோயால் வாடும் தம் சகோதரியின் மருத்துவத்துக்காகத் தம் குடும்பச் சேமிப்பிலிருந்து சுமார் 13,000 டாலரை எடுத்துச் சென்றார். உலகச் செய்தித்தாள்கள் அதை வங்கிக் கொள்ளை என்று எழுதின. எது கொள்ளை? தன் பணத்தைத் தானே எடுத்தது கொள்ளையா, மூன்றாண்டுகளுக்கு முன் சட்டமின்றிக் கதவை மூடியது கொள்ளையா?

பழி யாருக்கு?

வங்கிக்காரர்களுக்காக வாதாடுவோர் உண்டு. "வைப்பாளர்கள் பேராசைப்பட்டார்கள், பல ஆண்டுகள் மிகுந்த வட்டியை அனுபவித்தார்கள், இப்போது நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்வதே நியாயம்" என்பர் அவர்கள். கேட்பதற்கு நேர்மை போலத் தோன்றும் இவ்வாதம், நேர்மைக்கு முற்றிலும் மாறானது.

ஆளுநர் ரியாத் சலாமே 1993 முதல் 2023 வரை 30 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவர். லிரா நலமே என்று மீண்டும் மீண்டும் சொல்லி வந்தவர். உள்ளே ஓட்டை விழுந்திருப்பதைக் காட்டும் ஏடுகள் அவர் கையில் இருந்தன; மளிகைக்கடைக்காரர் கையில் இல்லை. மருத்துவர் மறைத்த நோய்க்கு நோயாளியைக் குற்றம் சாட்டலாமா? பங்காளிகளாக ஆதாயம் பெற்ற வங்கி உரிமையாளர்களும், கடன் வாங்கிச் செலவிட்ட ஆட்சியாளர்களும் முதலில் நட்டத்தை ஏற்க வேண்டும். பெருந்தொகைக்கு அளவு கடந்த வட்டி பெற்றோர் அடுத்து. ஓய்வூதியத்தையும் வெளிநாட்டு உழைப்பையும் சேமித்தவர் கடைசியில். இதுவே நியாயத்தின் வரிசை. லெபனானில் வரிசை தலைகீழாயிற்று. ஏறத்தாழ 7,000 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட நட்டத்தை யார் ஏற்பது என்று சண்டையிட்டே ஆண்டுகளைக் கழித்தனர். ஆண்டு கழியக் கழிய, சிறுவைப்பாளர் அதைச் சிறிது சிறிதாகத் தாமே ஏற்று முடித்தனர். சலாமே 2024 செப்டம்பரில் கைது செய்யப்பட்டு, ஓராண்டுக்குப் பின் பெருந்தொகைப் பிணையில் வெளிவந்தார். 1,00,000 டாலர் வரையுள்ள வைப்புகளை நான்கு ஆண்டுகளில் திருப்பித் தருவதற்கான வரைவுச் சட்டத்தை அமைச்சரவை 2025 டிசம்பரில்தான் ஏற்றது. கதவு மூடிய நாளில் பள்ளியில் சேர்ந்த குழந்தை, அதற்குள் தொடக்கப் பள்ளியையே முடித்திருக்கும்.

லெபனான் ஒரு விதிவிலக்கு என்று ஆறுதலடைய வேண்டாம். பாகிஸ்தானில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்நியச் செலாவணிக் கணக்குகளுக்குப் பாதுகாப்பு உறுதி தந்தது. 1998 மே 28 அன்று அணுகுண்டுச் சோதனை நடந்தது. அன்றே அக்கணக்குகள் முடக்கப்பட்டன. டாலர் கேட்டவர்களுக்கு, டாலருக்கு 46 ரூபாய் வீதம் பாகிஸ்தான் ரூபாயை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அர்ஜென்டினாவில் வைப்புகளைத் தீண்டலாகாது என்று 2001இல் சட்டம் செய்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோ என்று கட்டுப்பாடு வந்தது. 2002 தொடக்கத்தில் பதவியேற்ற அதிபர், டாலர் போட்டவருக்கு டாலரே கிடைக்கும் என்று வாக்களித்தார். சில வாரங்களில் அந்த டாலர்கள், ஒன்றுக்கு 1.40 பெசோ வீதம் கட்டாயமாக மாற்றப்பட்டன. சந்தையிலோ அவ்வாண்டு டாலர் மூன்று பெசோவைத் தாண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடான சைப்ரசில் 2013 மார்ச்சில் வங்கிகள் ஏறத்தாழ இரு வாரங்கள் மூடப்பட்டன. அந்நாட்டின் மிகப் பெரிய வங்கியில் 1,00,000 யூரோ என்ற உத்தரவாத வரம்புக்கு மேல் இருந்த தொகையில் 47.5 விழுக்காடு வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது.

இவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் தெளிவாகும். வாக்குறுதியின் ஓசை உயர்ந்திருந்தது என்பது பணம் பத்திரமாக இருந்தது என்பதற்குச் சான்றன்று.

நம் வீட்டு வாசலில்

நம் சமுதாயத்துக்குள் உலவும் இரண்டு தவறான அறிவுரைகளையும் இங்கே மறுத்தாக வேண்டும்.

முதலாவது, "வங்கியே வேண்டாம், நோட்டாக வீட்டில் வை" என்பது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, டினார் நோட்டுகளோடு ஊர் திரும்பிய நம்மவர்கள் அவற்றை மாற்ற வழியின்றி அலைந்ததை மறந்து விட்டோமா? விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். உலகின் மிக விலையுயர்ந்த நாணயம், சில வாரங்களில் வெறுங்காகிதமாக அவர்கள் பையில் இருந்தது. கைநோட்டுக்கும் அரசு உண்டு, சட்டம் உண்டு, திருடன் உண்டு, தீ உண்டு. மேலும், இந்தியாவில் குடியிருப்பவர் 2,000 டாலர் மதிப்புக்கு மேல் அந்நிய நோட்டுகளை வைத்திருக்கச் சட்டம் இடந்தருவதில்லை. அச்சத்தால் சட்டத்தை மீறியவர், களவு போனாலும் முறையிட இயலாதவர் ஆகின்றார்.

இரண்டாவது, "நம்மவர் நடத்துவது, நம்பிக் கொடு" என்பது. 1972இல் தொடங்கிய பி.சி.சி.ஐ. வங்கியை ஏழை நாடுகளின் வங்கி, முஸ்லிம்களின் வங்கி என்று கொண்டாடியவர் பலர். நிறுவியவர் பாகிஸ்தானியர், பெரும் பங்குதாரர் அபூதாபி, பதிவு செய்யப்பட்ட இடமோ லக்சம்பர்க். 1991 ஜூலை 5 அன்று பல நாட்டு அதிகாரிகள் ஒரே நாளில் அதன் கதவை அடைத்தனர். உள்ளே இருந்தது மாபெரும் மோசடி. வைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே தவணை தவணையாக மீட்டனர். ஸலாம் சொல்லிப் பழகுவது வேறு. கணக்கு வழக்கு வேறு. இனப் பற்றும் மார்க்கப் பற்றும் தணிக்கை அறிக்கைக்கு ஈடாகா.

அப்படியானால் என் செய்வது? பிறர் நாட்டின் பொருளாதாரத்தைத் திருத்த நம்மால் ஆகாது. ஆனால் சில கேள்விகளைக் கேட்க நம்மால் ஆகும். கேட்காமல் இருந்ததே நம் குறை.

என் பணம் எந்த நாணயத்தில் இருக்கின்றது? வெளிநாடு வாழ் இந்தியர் பலர், என்.ஆர்.இ. கணக்கை அந்நியச் செலாவணிச் சேமிப்பு என்றே எண்ணியிருக்கின்றனர். அது ரூபாய்க் கணக்கு. 2010இல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர், 2024இல் 83 ரூபாயைத் தாண்டியது. அந்தத் தேய்மானம் அவர்களுடையதே. எஃப்.சி.என்.ஆர். வைப்புதான் அந்நிய நாணயத்திலேயே நிற்பது. அதுவும் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான தவணை வைப்பு. நாடு திரும்பி நிலையாகக் குடியேறுபவர் தம் அந்நியச் செலாவணியை ஆர்.எஃப்.சி. கணக்கில் வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

உத்தரவாதம் எவ்வளவு, எந்த நாணயத்தில்? இந்தியாவில் வைப்புக் காப்பீடு 2020 பிப்ரவரி 4 முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய். அந்நிய நாணய வைப்புக்கும் அது பொருந்தும், தருவது ரூபாயில். இந்திய வங்கியேயானாலும் வெளிநாட்டுக் கிளையில் போட்ட பணத்துக்கு இக்காப்பீடு இல்லை. பெயர்ப்பலகையில் நம் நாட்டு வங்கியின் பெயரைப் பார்த்து மயங்குவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கென்று வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? 2022 பிப்ரவரியில் இலண்டன் நீதிமன்றம் ஒன்று, இரண்டு லெபனான் வங்கிகள் பிரிட்டனில் வாழும் ஒரு வைப்பாளருக்கு ஏறத்தாழ 40 இலட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பெய்ரூட்டில் வரிசையில் நின்றவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பணம் எந்த நாணயத்தில் என்பதைப் போலவே, எந்தச் சட்டத்தின் கீழ் என்பதும் பெரிது.

எல்லாம் ஓரிடத்திலா? ஒரே வங்கி, ஒரே நாடு, ஒரே தவணை என்று முழுச் சேமிப்பையும் கட்டிவைப்பது, எல்லாச் சரக்கையும் ஒரே தோணியில் ஏற்றுவது. கடலோடிய நம் முன்னோர் அதைச் செய்யவில்லை. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்தை எளிதில் எடுக்கும் இடத்திலும், எஞ்சியதைப் பிரித்தும் வைப்பவருக்கு, ஒரு கதவு மூடினாலும் அடுப்பு அணையாது. இதைச் செய்ய வேண்டியது அமைதிக் காலத்தில். வதந்தி பரவிய பின் ஓடுபவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்கள். நலமாக இருக்கும் வங்கியையும் அந்த ஓட்டமே வீழ்த்தக் கூடும்.

இன்னும் ஒன்று. கணக்கு எங்கே இருக்கின்றது என்பது மனைவிக்குத் தெரியுமா? நம் இல்லங்களில், வாப்பா வெளிநாட்டில் எந்த வங்கியில் எவ்வளவு வைத்திருந்தார் என்பதை மவுத்துக்குப் பிறகு கடிதக் கட்டுகளில் தேடிய உம்மாக்கள் எத்தனை பேர்! வங்கி விழாமலே தொலைந்த பணம் அது. வீட்டை ஆள்பவளிடம் கணக்கை மறைப்பவர், பெய்ரூட்டின் ஆளுநரைக் குறை கூறும் தகுதியைச் சற்றே இழக்கின்றார்.

அரசின் கடமை

தனி மனிதரின் எச்சரிக்கையோடு இது முடிந்து விடுவதில்லை. முடிந்து விடும் என்பவர்களே மோசடிக்காரர்களுக்குத் துணை நிற்கின்றனர். ஒரு வங்கி திருப்பித் தர இயலாத சொல்லைத் தரும்போது, அதைத் தடுக்க வேண்டியது சேமிப்பவரின் சாமர்த்தியம் அன்று, அரசின் கடமை.

அதைச் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1991இல் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, சில வாரங்களின் இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற அளவுக்கு வற்றியது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் தம் வைப்புகளை விரைந்து திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தனர். அவர்களுடைய கணக்கை முடக்குவது எளிது. அரசு அதைச் செய்யவில்லை. ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்தது. தேசத்தின் மானம் போயிற்று என்று அன்று குமுறினர். நான் அதற்கு உடன்படேன். வீட்டுப் பொன்னை அடகு வைத்தேனும் வாங்கிய கடனைத் திருப்பிய வீட்டை ஊர் இழிவாகப் பேசுவதில்லை. 280 டன்னுக்கு மேல் தங்கத்தை வைத்துக்கொண்டே, தன் மக்களுக்குத் தர வேண்டியதைத் தராமல் லெபனான் அரசு நின்றதே, மானக்கேடு அங்கேயன்றோ இருக்கின்றது?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. வங்கிகள் யாருக்குக் கடன் கொடுத்திருக்கின்றன என்பது மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியாக வேண்டும். அந்நிய நாணயத்தில் வைப்பைப் பெறும் வங்கி, அதை அந்நிய நாணயத்திலேயே திருப்பித் தரும் வலிமையுடையதா என்று இடைவிடாது சோதிக்கப்பட வேண்டும். நெருக்கடி வந்தால், முதல் நாளே, எல்லாருக்கும் பொதுவான சட்டம் வர வேண்டும். நட்டம் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கீழிருந்து மேலே ஏறலாகாது.

வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் ஒவ்வொரு டாலரிலும் அவர் காணாமல் போன ஒரு பெருநாள் இருக்கின்றது. கேட்காமல் போன ஒரு மழலை இருக்கின்றது. அதை வாங்கிக்கொண்டு எழுதித் தரும் காகிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்று கேட்பது அவநம்பிக்கை அன்று. கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அடுத்த முறை நம் வீட்டில் எவரேனும் "பணம் டாலரில் கிடக்கிறது" என்று சொன்னால், மகிழ்ச்சியோடு கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "யாரிடம்?"